கட்டிலருகே கிடைத்த சிக்னல்

காட்டோர ஓய்வு விடுதிக்கு அக்கா வந்து சேர்ந்தபோது மத்தியான வெயில் தணிந்துகொண்டிருந்தது. இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். எல்லை அளக்க வந்த தம்பி மழைக்காலத் தொடக்கத்தில் இங்கேதான் தொலைந்தான். அவளுக்கும் அதே நில அளவை வேலைதான். "உயிரோ உடம்போ, அவனை அங்கேயே விட்டுட்டு வந்திடாதே" என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். தேடல் இன்றோடு முடிகிறது. கிடைத்ததெல்லாம் ஓடைச் சேற்றில் புதைந்திருந்த அவனுடைய ஜி.பி.எஸ் கருவி ஒன்றுதான்.

தம்பி தங்கியிருந்த அறையில் ஈரச் சுவரின் நாற்றம். அவன் கட்டிலில் உட்கார்ந்து கருவிக்குப் புது பேட்டரி போட்டாள்.

"விடுங்க மேடம், அதெல்லாம் இனிமே வேலைக்காகாது," என்றார் அவளோடு வந்த ஜீப் டிரைவர்.

மாதக்கணக்கில் அணைந்து கிடந்த கருவிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். திறந்த வெளியில் வைத்தால், செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதற்குள் நிதானமாக ஒரு டீ குடித்துவிடலாம். கான்கிரீட் கூரைக்கடியில் அதுவும் நடக்காது.

பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் கருவி சிக்னலைப் பிடித்துவிட்டது.

"பரவாயில்லையே, சட்டுன்னு பிடிச்சிடுச்சு."

"இதே இடத்துல இப்பத்தான் அணைச்சிருந்தா இப்படிப் பிடிக்கும்ண்ணே."

"பேட்டரியே இப்பத்தானே போட்டீங்க?"

வாசலுக்கு எடுத்துப்போனாள். மேகமில்லாத வானம். கருவி தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. அலுத்துப்போய் உள்ளே வந்து கட்டிலருகே நீட்டினாள்.

உடனே பிடித்தது.

தலையணையிலிருந்து சேற்று வாடை வந்தது. அவளுக்குப் பயம்தான். ஆனால் பயந்து ஓடவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"போதும்டா," என்று முணுமுணுத்தாள். "என்னால முடியல. எழுந்து வா, வீட்டுக்குப் போலாம்."

கட்டில் கிறீச்சிட்டது.

ஜீப்பில் ஏறியதும் டிரைவர் பின்புறக் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்த கையோடு அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

பாதி வழியில் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"கிடைச்சானாடி?"

மடியிலிருந்த கருவி இன்னும் வானத்தைத் தேடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல், கருவி பிடித்த கையை மட்டும் பின்சீட்டுப் பக்கம் நீட்டினாள்.

சிக்னல் கிடைத்த சத்தம் கேட்டது.

"வந்துட்டிருக்கோம்மா," என்றாள்.

நீட்டிய கையிலிருந்து, ஈர விரல்கள் கருவியை மெதுவாக வாங்கிக்கொண்டன.