பச்சைக் கட்டம்

ஏரிக்குப் போகும் மண்பாதை முடிகிற இடத்தில், பூட்டிக் கிடந்த பழைய விருந்தினர் விடுதியின் சுவரோரம் கார் நின்றது. விடிந்து அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. தண்ணீரும் பனியும் ஒரே நிறத்தில் கிடந்தன.

பல் டாக்டர் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது யாரும் வாயைத் திறக்காத இடம் வேண்டியிருந்தது. கொக்குகள் பல்வலி என்று வந்து நிற்பதில்லை. மூன்று வருடங்களாக இங்கே தனியாகத்தான் வந்துகொண்டிருந்தாள்.

இன்று கணவனும் வந்திருந்தான்.

போன வாரம் எடுத்த கொக்குப் படங்களுக்கு நடுவே ஒரு படம் இருந்தது. ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அவளுடைய முதுகு. டைமர் வைத்திருப்பேன் என்று சொல்லிச் சமாளித்தாள். கணவன் நில அளவை செய்கிறவன்; கண்ணாலேயே அளந்து, முப்பது அடி தள்ளி நின்று யாரோ எடுத்தது என்றான். உண்மையில் அந்த நேரத்தில் கேமரா அவள் மடியில் இருந்தது. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அன்றிலிருந்து வீட்டுப் பேச்சில் ஒரு 'அவன்' புகுந்துவிட்டான். அவன் யார், அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஒரு வாரமாக ஓயவில்லை.

"நான் கார்லயே இருக்கேன்," என்றான் கணவன். "யாரும் வரலைன்னா இனி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். வந்தா, நம்ம ரெண்டு பேருக்கும் இதோட முடிஞ்சுது."

அவள் ஏரியை நோக்கி நடந்தாள்.

வழக்கமான பாறையில் உட்கார்ந்து கேமராவை முக்காலியில் பொருத்தினாள். மனித முகம் எதிரே வந்தால் கேமரா தானாகவே கண்டுபிடித்து, திரையில் அந்த முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடும். முகம் தூரத்தில் இருந்தால் சின்னக் கட்டம். கிட்டே வந்தால் பெரிதாகும்.

அக்கரை நாணல் புதரில் மிளகு அளவுக்கு ஒரு பச்சைக் கட்டம் விழுந்தது.

கணவன் வேவு பார்க்க ஆள் வைத்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். கோபம் வந்தது. லென்ஸைத் திருகிப் புதரைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். நாணல்தான் இருந்தது.

கட்டம் நகர்ந்தது. புதரை விட்டுத் தண்ணீருக்கு மேல் வந்தது.

தண்ணீரில் ஓர் அலை இல்லை.

கொக்குகள் சத்தமே இல்லாமல் மொத்தமாக எழும்பிப் போயின. அழுகின பாசி வாடை மூக்கில் ஏறியது.

கட்டம் இப்போது பொத்தான் அளவு. தீப்பெட்டி அளவு.

திரை முழுக்க.

பிறகு மறைந்துவிட்டது.

பக்கத்தில், பாறையின் மேல், ஈரத்துணியோடு யாரோ உட்காருகிற சத்தம் கேட்டது. அவளுடைய இடது தோள் சில்லிட்டுக் கனத்தது. அவள் திரும்பவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ, கார் ஹாரன் அடித்தது. முக்காலியைக் கூட மடக்காமல் தூக்கிக்கொண்டு வந்து முன் சீட்டில் விழுந்தாள்.

கணவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"அவங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு என்னென்னமோ கற்பனை பண்ணி உன் உயிரை எடுத்துட்டேன்."

'அவன்' போய் 'அவங்க' வந்திருந்தது.

"எவங்க?"

"உன் தோள்ல சாஞ்சு உக்காந்திருந்தாங்களே, அந்தம்மா. உன் ஃப்ரெண்டுதானே?" கேட்டபோது அவன் முகத்தில் சிரிப்பு லேசாகத் தயங்கியது. "தெரிஞ்சவங்கதானே?"

யாருமே இல்லை என்று சொன்னால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"ஆமா," என்றாள். "என் ஃப்ரெண்டுதான்."

"அதான பாத்தேன். தலையெல்லாம் சொட்டச் சொட்ட நிக்கறாங்க, பாவம். நம்மகூடவே வரட்டும்."

அவன் பின்னால் கை நீட்டிக் கதவைத் திறந்துவிட்டான். வெளியே பனி மட்டும் நின்றிருந்தது. கார் ஒரு பக்கமாக லேசாக அமுங்கியது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பின் சீட்டில் யாரோ பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.