மலையேறிய விளக்கு

மேசையடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் வெளிச்சம் நீலமாக மாறியிருந்தது. காலையில் மஞ்சளாகத்தான் இருந்தது. பதினாறு நாளாக வசுமதி கும்பிட்ட வெளிச்சமாயிற்றே, அவளுக்குத் தெரியாமலா போகும்?

புருஷன் குகனேஸ்வரன் அந்தப் பெட்டியைப் பொண்டாட்டியைவிட அதிகமாகக் கொஞ்சினான். லயத்து வீட்டின் தகரக் கூரை ஒழுகினால் ஒழுகட்டும், பெட்டிக்குள் விசிறி முதல் மெமரி வரை கலர் கலராக மின்னியாக வேண்டும். அந்தக் கலர்களைக் கைபேசியிலிருந்தே மாற்றுவான். எஸ்டேட் தேயிலையை மலையடிவாரத்துத் தாப்பாவில் இறக்கிவிட்டு லோரியைத் திருப்பினால் நீலம். பாதி மலையில் இருக்கும் ரிங்லெட்டைத் தாண்டினால் பச்சை. வாசலுக்கு வந்துவிட்டால் சிவப்பு. பச்சையைக் கண்டதும் அவள் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். வந்தவன் கைகால்கூடக் கழுவாமல் தொட்டிலிலிருந்து குழந்தை சசியைத் தூக்கிக்கொண்டு, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான்.

தாப்பா ரோட்டு வளைவில் லோரி பள்ளத்தில் விழுந்தபோது, அவனோடு அந்தக் கைபேசியும் நொறுங்கிப்போனது.

அவன் படத்துக்கு முன்னால் ஏற்றிய எண்ணெய் விளக்கு, பலகை இடுக்கில் புகுந்த காற்றில் நின்று நின்று போனது. காரியம் முடியும்வரை விளக்கு நிற்கக் கூடாதே என்று பதறியவள், கம்ப்யூட்டரில் எல்லாக் கலரையும் மஞ்சளாக்கி, அதன் முன்னால் படத்தைச் சாய்த்து வைத்தாள். அதுவும் விளக்குதானே? நேற்றுக் காரியமும் முடிந்தது.

அவள் பிரிஞ்சாங்கில் இருக்கும் நாத்தனார் யோகேஸ்வரிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"ஒயர் ஏதும் லூசா இருக்கும்லா. சுவிட்ச அடைச்சிடு."

"நேத்தே அடைக்கப் போனேன் அண்ணி, மனசு வரல. வெளக்க அணைக்கிறேன்னு சொல்லக் கூடாது, மலையேறச் சொல்லணும்னு சொன்னீங்கல்ல? அதான், மலையேறிடுங்கன்னு கும்பிட்டு அப்படியே விட்டுட்டேன்."



"வசு… அவன் மலைக்குக் கீழதானடி செத்தான். அவனயில்ல ஏறி வரச் சொல்லிட்ட."

வசுமதி மடியில் கிடந்த சசியை அணைத்துக்கொண்டாள்.

"பிள்ளைய மடியிலயே வச்சிக்க. கீழ விட்டுடாத. கெரேத்தாவ ஓட்டிக்கிட்டு இப்பவே வர்றோம்."

சாயங்காலப் பனி சன்னல்வரை வந்து, தேயிலைச் சரிவையும் பக்கத்து வீட்டு டிவி சத்தத்தையும் ஒருசேர விழுங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து, ஏற்றத்தில் கியர் மாற்றி மாற்றி முனகும் லோரிச் சத்தமும், அவன் சட்டையோடு தினமும் வீட்டுக்கு வந்த கருகிய பிரேக் வாடையும் மெல்ல மெல்ல நெருங்கின. அவள் சசியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பெட்டி பச்சையானது.

சுவிட்ச் மேசைக்குப் பின்னால், சுவரோரம் இருந்தது. தவழ்ந்துதான் போக வேண்டும். பிள்ளையோடு முடியாது. ஒரு நிமிஷம்தானே. சசியை ஸ்பிரிங் தொட்டிலில் போட்டுவிட்டு, மேசைக்கு அடியில் புகுந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

விசிறிகள் நின்றன. வெளிச்சம் நிற்கவில்லை.

வாசலில் லோரி நின்றது. ஹேண்ட் பிரேக் இழுபட்டது. அவள் முகத்துக்கு நேரே பெட்டி சிவப்பானது.

"வேணாங்க," என்றாள் வசுமதி. "பிள்ளைய விட்டுடுங்க."

தொட்டில் ஸ்பிரிங் கிரீச்சிட்டது. கனம் இறங்கிய தொட்டில் துள்ளி மேலே போனது. அப்பா தூக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு, ஓர் ஆள் தோள் உயரத்தில், வாசலைத் தாண்டிப் போனது.

பிளக் அவள் கையில்தான் இருந்தது.

சிவப்பு பச்சையானது. பனிக்குள் சசியின் சிரிப்பு இறக்கத்தில் தேய்ந்துகொண்டே போனது. காலித் தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருக்க, பச்சை நீலமானது.