கறுப்புத் துணி சுற்றிய புட்டி

"ஐயையோ... அத அவுக்காதீங்க!"

சம்பூர்ணம் திடுக்கிட்டுத் திரும்பினாள். அதற்குள் தண்ணீரிலிருந்து எடுத்த புட்டியின் கறுப்புத் துணி அவள் கைக்கு வந்துவிட்டது. குன்னத்துக் குளத்தில் மீன் குத்தகை அவள் அப்பா சாமிக்கண்ணுவுடையது. அதில் யாரோ செய்வினை வைத்தால் சும்மா இருப்பாளா?

ஓடி வந்தவன் வைத்திலிங்கம், மீன் இலாகாக்காரன். கோபமாகத்தான் வந்தான்... அந்தப் பெரிய கண்களைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதோ, பாவம்!

"செய்வினை இல்லீங்க. இந்தப் பச்சைத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடி இருக்கு. எப்பவும் மூச்சு இழுக்கும். வெயிலடிச்சாதான் பிராணவாயு குடுக்கும். பக்கத்துல துணி சுத்தாம இருக்கிற வெள்ளைப் புட்டி வெயிலப் பாக்கும், கறுப்புப் புட்டி பாக்காது. ரெண்டையும் அளந்தா கணக்கு தெரியும்."

"தண்ணி மூச்சு விடுதாக்கும்! எங்கப்பாகிட்ட சொல்லுங்க."

சொன்னான். சாமிக்கண்ணு நம்பவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் அந்த ஊருக்குத் தினம் ஒரு தடவை வந்துபோனது கரிப்புகையில் ஓடும் பஸ்தான். "காலைல கரி பஸ்ஸுல கெளம்பிடுங்க தம்பி" என்றார்.

போகும்போது அவளிடம் மட்டும் சொன்னான். "மூணு நாளா மூட்டம்... நாளைக்கு விடியறப்ப மீனு மூச்சுக்குத் தவிக்கும். தண்ணிய அடிச்சுக் கலக்குங்க, காத்து உள்ள எறங்கும்."

"எங்க குளத்த எங்களுக்குத் தெரியும்!"

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஆனாலும் விடிவதற்குள் குளத்துக்கு ஓடினாள். மெல்லிய தூறல்... நீர்ப்பரப்பெங்கும் வாய் பிளந்த மீன்கள்! ஒரு வருஷப் பாடு கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் பனைமட்டையால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான்.

அவன்தான்.

அவளும் ஒரு மட்டையோடு குதித்தாள். சத்தம் கேட்டுச் சாமிக்கண்ணுவும் ஓடி வந்து இறங்கினார். ரோட்டில் கரி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வைத்திலிங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயில் எட்டிப் பார்த்த பிறகு மீன்கள் ஒவ்வொன்றாய் உள்ளே போயின.

"புட்டிய மறுபடி கட்டுங்க தம்பி" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சாமிக்கண்ணு நடந்தார்.

"பஸ்ஸு போயிடுச்சே..." என்றாள்.

"தெரியும்."

"மீனுக்காகவா நின்னீங்க?"

"தண்ணியில எறங்கினது மீனுக்காக... பஸ்ஸ விட்டது உங்களுக்காக. நேத்து அந்தப் புட்டித் துணிய அவுத்தீங்க பாருங்க... அப்பவே உங்கள எனக்குப் புடிச்சுப் போச்சு."

அவள் முகம் சிவந்தது. நேற்றிலிருந்து இடுப்பில் செருகியிருந்த கறுப்புத் துணியை எடுத்துக் கரையில் கிடந்த புட்டியில் தானே சுற்றினாள். முடிச்சுப் போட ரொம்ப நேரமானது.

"நாளைக்கும் பஸ்ஸு வருமா?"

"வருங்க."

"அதையும் விட்டுடுங்க..."