மேசைமேல் நின்ற சுவர்

போட்டோ எடுத்துப் பிழைக்கும் படக்காரி, துப்பறிகிறவரின் அறைக்குள் நுழைந்ததும் இரண்டு படங்களை மேசைமேல் போட்டாள்.

"என் தம்பிதான் செஞ்சான். அதை நிரூபிச்சுக் குடுங்க, போதும்" என்றாள்.

முடிவைக் கையோடு கொண்டுவருகிறவளுக்குத் துப்பறிகிறவர் எதற்கு? ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். அந்தத் துப்பறிகிறவருக்கு ஊர் வைத்த பெயர் ஆமை. பதறாமல் தேநீர் வரவழைத்தார். அவருடைய கூட்டாளி, டைப்பிங் வேலையை விட்டுவிட்டு வந்தவள், பெயர் பட்டாசு. அதற்குள் மூன்று பேரைச் சந்தேகப்பட்டு முடித்திருந்தாள்.

படக்காரியின் புருஷனும் கூட வந்திருந்தார். கொத்தனார். தேநீர் வைத்ததும் மேசை ஆடியது. அவர் ஒரு தாளை மடித்துக் காலுக்கடியில் செருகினார். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துத் திருப்தியானார். பிறகு, சரியாகக் கட்டாத சுவர் மூலையை வெறிக்க ஆரம்பித்தார். பெண்டாட்டி பேச்சு காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். தச்சர் ஒருவர் செய்த நீள மேசையைப் படமெடுக்கப் படக்காரியும், உதவிக்குத் தம்பியும் போயிருந்தார்கள். கேமரா பழைய காலத்தது, பெரியது. ஒற்றைத் தண்டின்மேல் முன்னால் லென்ஸ் சட்டம், பின்னால் பிலிம் சட்டம், நடுவில் துருத்தி. முன்சட்டத்தை மேசைப் பக்கம் சாய்த்தால், படத்தில் தெளிவாக விழும் பரப்பு மேசைமேல் பாய் விரித்ததுபோல் படுத்துக்கொள்ளும். கிட்டத்துக் கரண்டியும் கோடியில் கிடக்கும் கரண்டியும் ஒரே கூர்மையில் வரும். சாய்க்காவிட்டால் அந்தப் பரப்பு சுவர்போல் எழுந்து நிற்கும். சுவர் நிற்கும் இடம் மட்டும் தெளியும், மற்றதெல்லாம் கஞ்சி.

காலையில் எடுத்த சோதனைப் படத்தில் கரண்டிகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. நடுவில் இருந்த பூஜாடியின் வாய் மட்டும் மங்கல். பிறகு எடுத்த அசல் படத்தில் ஜாடி அடிமுதல் வாய்வரை தெளிவு. மேசையின் இரண்டு கோடியும் போயே போச்சு.

இடையில் அவள் தச்சரைக் கூப்பிட வெளியே போயிருந்தாள். திரும்பியதும் பிலிமைச் செருகி எடுத்துவிட்டாள். செருகியபின் பின்னாலிருந்து பார்க்க முடியாது.

"யாரோ சாய்வை எடுத்திருக்காங்க. எந்தத் திருகுன்னு தம்பிக்குத்தான் தெரியும்."

கொத்தனாரைக் காட்டி, இவரும் அங்கே இருந்தாரா என்று பட்டாசு கேட்டாள்.

"இவரா? பெட்டி தூக்க வந்தவரு. கேமராவுல தலை எது வால் எதுன்னு தெரியாது."

கொத்தனார் சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

தம்பியை வெளியூர் ஸ்டூடியோ ஒன்று கூப்பிட்டிருந்ததாம். அவன் மறுத்திருந்தான். இவள் குற்றம் சொன்னதும் பெட்டியைக் கட்டிவிட்டான். சாயங்கால ரயிலில் கிளம்புகிறான். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

எவ்வளவு சாய்த்திருந்தாள் என்று ஆமை கேட்டார்.

"ரொம்பக் கொஞ்சம். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. திருகை அவன் இறுக்கின இறுக்குல, கழட்டும்போது குறடு போட வேண்டியதாப் போச்சு. அவ்வளவு கோபம் அக்கா மேல."

தச்சர்தான் என்று பட்டாசு அடித்துச் சொன்னாள். ஆமை அவளைத் தம்பியை அழைத்துவர அனுப்பினார். அவன் பெட்டியோடு வந்து வாசலிலேயே நின்றான். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆமை இரண்டாவது படத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"கெடுக்கணும்னா உங்க தம்பி இன்னும் துளி சாய்ச்சு விட்டிருப்பான். நீங்களே தப்பா வச்சுட்டீங்கன்னு நினைச்சிருப்பீங்க. இங்க ஜாடி முழுசும் தெளிவு. சுவர் நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. இது கெடுத்த கை இல்லம்மா, சரி பண்ணின கை. யாருக்கும் தெரியாத சாய்வு யார் கண்ணுல படும்? குறடு போட்டுத் திறக்கிற மாதிரி யார் கை முறுக்கும்?" கொத்தனார் பக்கம் திரும்பினார். "எங்க மேசை இப்ப ஆடல. நன்றிங்க. கேமராவையும் பார்த்தீங்களா?"

கொத்தனார் முகம் மலர்ந்தது. "பின்ன? முன்பக்கம் சாஞ்சு கிடந்துச்சு. ரசமட்டம் வச்சுப் பார்த்து நேராக்கினேன். திரும்பச் சாயாம இறுக்கியும் விட்டேன்."

படக்காரி அவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

தம்பிதான் முதலில் சிரித்தான். அக்கா வெளியே போயிருந்தபோது அவன் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் கறுப்புப் பைக்குள் விட்டு பிலிம் மாற்றிக்கொண்டிருந்தானாம். மாமா தூசி தட்டுகிறார் என்று நினைத்தானாம்.

"இதை ஏன்டா சொல்லல?"

"நீ எங்க கேட்ட, அக்கா? தீர்ப்புதானே சொன்ன."

மன்னிப்பெல்லாம் அவள் வாயில் வராது. அவன் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிப் புருஷனிடம் கொடுத்தாள். "தூக்குங்க. வீட்டுக்கு."

ரயில் அவன் இல்லாமலே போயிற்று. மறுநாள் தச்சர் பட்டறையில் மறுபடி கேமராவை நிறுத்தினார்கள். பட்டாசும் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். கேமராவின் பின்கண்ணாடியில் மேசை தலைகீழாகத் தொங்கியது. தம்பி முன்சட்டத்தை மெல்லச் சாய்க்கச் சாய்க்க, கரண்டிகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. கொத்தனார் தெருவில் நின்றார். உள்ளே இருந்தால் கை சும்மா இருக்காது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

படமெடுக்க அமுக்கும் கம்பியைப் படக்காரி அதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை. அதைத் தம்பியிடம் நீட்டினாள்.

"நீ அமுக்குடா."

அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.