விசேஷம் ஏதாவது உண்டா?

மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டை மருந்துக்கடைக்காரன் நண்பகலில் திறந்தான். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே பிரசவ அறையின் மருந்து நெடி. மறுமணம் பேசப் பெண் வீட்டார் மாலையில் வருகிறார்கள். ஒட்டடை அடிக்க வந்தவன், முதலில் கைப்பேசியைத்தான் எடுத்தான்.

பிரசவத்தை இதயம் தாங்காது என்று மருத்துவர் எச்சரித்ததால், கருத்தடை மாத்திரை விழுங்கி வந்தவள் அவன் மனைவி. அந்த டப்பியில் சத்து மாத்திரையை மாற்றி வைத்தவன் அவன். வைத்ததோடு நின்றானா? ஆண்கள் குழுவில் அதை வீரச் செயலாகவும் பதிவிட்டான்!

நானூறு சிரிப்பு முகங்கள்.

"கில்லாடிடா மாப்ளே!"

"பொண்டாட்டிய யாருடா கேட்டா?"

எங்கிருந்தோ நுழைந்து 'இது கொடுமை' என்று எழுதிய ஒருத்தியை, "புள்ள வந்தா எல்லாம் சரியாயிடும், நீ உன் வேலையைப் பாரும்மா" என்று அவனே விரட்டினான். மனைவி மாண்டாள். வயிற்றுப் பிள்ளையும் மாண்டது. பதிவு மட்டும் மாளவில்லை.

இன்று அதன் கீழே ஒரு புதிய வரி. எழுதியிருப்பவள், செத்துப்போன மனைவி.

"என்னங்க, விசேஷம் ஏதாவது உண்டா?"

அழித்தான்.

"வாந்தி வருதா?"

குமட்டியது.

வயிறு கனத்தது. சட்டைப் பொத்தான் தெறித்து விழுந்தது.

உள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால் உதைத்தது.

வாசலுக்கு ஓடினான்; கதவு அசையவில்லை. குழுவில் எழுதினான்: "டேய், விளையாட்டில்ல. வயித்துக்குள்ள என்னமோ வளருது. உயிர் போகுது. வந்து கதவை உடைங்கடா!"

சிரிப்பு முகங்கள் மழையாய்ப் பொழிந்தன.

"மாப்ளே, எத்தனாவது மாசம்?"

"நான் கேட்கலடா இதை!" என்று எழுதினான் அவன்.

"உன்னை யாருடா கேட்டா?"

"புள்ள வந்தா எல்லாம் சரியாயிடும்."

கடைசி வரியை எழுதியவள் செத்துப்போன மனைவிதான். அதற்குத்தான் சிரிப்பு முகங்கள் அதிகம்.

மாலையில் பெண் வீட்டார் கை வைத்ததுமே கதவு திறந்துகொண்டது. கூடத்தில் பிணமாகக் கிடந்தான் மாப்பிள்ளை. வயிறு தட்டையாகத்தான் இருந்தது; தரை மட்டும் பனிக்குடம் உடைந்தாற்போல் நனைந்திருந்தது.

பெண்ணின் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான். பகலில் குழுவில் சிரித்தவர்களில் அவனும் ஒருவன். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்.

"அண்ணா, விசேஷம் ஏதாவது உண்டா?"

அவன் கை, மெல்லத் தன் வயிற்றைத் தொட்டது.

உள்ளே ஏதோ புரண்டு படுத்தது.