திரை காலி என்றது

“அப்போ அந்த சாஃப்ட்வேர் இந்தக் கம்ப்யூட்டர்ல இல்லவே இல்லைங்கறீங்களா?”

“இருக்கும் மேடம்... ஆனா இருக்காது.”

“பேயா?”

முதலாளியின் சின்ன மாப்பிள்ளை சிரித்தான். கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு முழுக்க அவன் கையில். எதிரே நின்ற இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை.

“ஒவ்வொரு கம்ப்யூட்டரா ஏத்தி மாளாது மேடம். மெயின் சர்வர்ல ஒரே ஒரு தடவை பொட்டலம் கட்டி வெச்சிடுவோம். யார் லாகின் பண்றாங்களோ, அவங்க பேரைத் தேடி அது வந்துடும். நீர்க்குமிழிக்குள்ள ஓடற மாதிரி, மத்த எதையும் தொடாம ஓடும். மூடினா குமிழி உடைஞ்சிடும். தடயமே இருக்காது.”

“தடயமா...? அது எங்க வார்த்தையாச்சே!”

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓர் இரும்பு அறை. மருத்துவமனைகளுக்குப் போகும் பஞ்சும் கட்டுத்துணியும் கிருமி நீக்கப்படும் இடம். கதவு மூடியதும் முதலில் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் உறிஞ்சப்படும். பிறகுதான் மருந்துப் புகை.

நேற்று மதியம் அதற்குள் பெரிய மாப்பிள்ளை இருந்தான். ரப்பர் ஓரங்களைச் சரிபார்க்கப் போனவன். கட்டுத்துணியைப் போலவே வெளுத்துப்போய் வெளியே வந்தான்... நான்கு பேர் தூக்கிவர!

கொன்றது சின்ன மாப்பிள்ளை.

தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே!

அந்த அறையை ஓட்டுவதே இந்த சாஃப்ட்வேர்தான்; உள்ளே ஆள் இருந்தால் திரையில் சிவப்பு எரியும். கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அந்த நல்ல பொட்டலம்தான். ஒரே ஒரு பேருக்கு மட்டும் வேறு பொட்டலம்... உள்ளே யார் நின்றாலும் ‘காலி’ என்று பச்சையில் சிரித்து, கதவு மூடியதும் தானாகவே ஓட ஆரம்பிப்பது! அந்தப் பேர், நேற்று டியூட்டியில் இருந்த ஆபரேட்டர் சோடாபுட்டியுடையது. அலறல் கேட்டதும் அதை சர்வரிலிருந்து உருவிவிட்டான்.

சோடாபுட்டி இப்போது லாக்கப்பில். “திரை காலின்னுதான் சொல்லிச்சு” என்று அழுது அழுது வாய் வீங்கியிருந்தது. வீக்கத்துக்கு அழுகை மட்டும் காரணமில்லை.

“எவ்வளவு பொறுமையான பையன் உங்க சகலை” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. “அடுத்த வாரம் முதலாளி நாற்காலியில உட்கார வேண்டியவராமே?”

“ஆமாம் மேடம். எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் மாதிரி.”

மூலையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் மாமனார். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

“சோடாபுட்டி பொய் சொல்றானா மாப்ளே?” என்றார்.

“திரையைப் பாக்காம பட்டனை அமுக்கியிருப்பான் மாமா. சோடாபுட்டிக்குக் கண்ணு எங்க தெரியுது?”

“சாஃப்ட்வேர் தப்பா காட்டியிருந்தா?” இன்ஸ்பெக்டரம்மா விடவில்லை.

“வாய்ப்பே இல்ல. சந்தேகம்னா... நானே உள்ளே போய் நிக்கறேன். சிவப்பு எரியுதா இல்லையான்னு நீங்களே பாருங்க!”

சொல்லும்போதே நெஞ்சு ஜில்லென்று இனித்தது. கெட்ட பொட்டலத்தை எடுத்தாயிற்று. திரை முன்னால் இருப்பவன் புது ஆபரேட்டர், புதுப் பேர். இதைவிட அழகாக ஒருவன் தன்னை நிரபராதி ஆக்கிக்கொள்ள முடியுமா?

உள்ளே போனான். கதவு, முத்தமிடுவது போலச் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது.

கதவிலிருந்த கண்ணாடி வழியே கையசைத்தான். “எரியுதா?”

மைக்கில் புது ஆபரேட்டரின் குரல்.

“இல்ல சார்... காலின்னு காட்டுது!”

“என்னது?”

எங்கோ ஒரு பம்ப் உறுமியது.

“சார், நான் ஒண்ணும் அமுக்கலை! அதுவா ஆரம்பிச்சிடுச்சு...!”

“நிறுத்துடா!”

“நிறுத்தினா கேக்க மாட்டேங்குது சார்!”

காது அடைத்தது. சுவரிலிருந்த அபாய பட்டனைக் குத்தினான். அதுவும் அதே சாஃப்ட்வேர் வழியாகத்தான் பேசும் என்பது அவனுக்குத் தெரியும். அவன்தானே கட்டினான்!

“டேய்... யார் பேர்ல லாகின் பண்ணியிருக்கே?”

“சோடாபுட்டி அண்ணன் பேர்லதான் சார்.”

“அவன்தான் லாக்கப்ல இருக்கானேடா! நேத்து லாக் அவுட் பண்ணலையா?”

“நாங்க யாரும் பண்றதே இல்லையே சார். நீங்க போட்ட சிஸ்டம் லாகின் ஆகறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். நாற்காலியை மட்டும்தான் மாத்திக்குவோம். நேத்து போலீஸும் எதையும் தொடாதேன்னுட்டாங்க...”

ஓடிக்கொண்டிருக்கும் குமிழி, மூடும்வரை உடையாது. சர்வரில் அவன் உருவியது உருவியதுதான். இங்கே மட்டும் அது நேற்றிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது!

“லாக் அவுட் பண்ணு! உன் பேர்ல வா! நல்லது வந்துடும்!”

“நல்லதுன்னா...?” இன்ஸ்பெக்டரம்மாவின் முகம் மைக்கருகே வந்தது. “அப்போ இப்போ ஓடறது?”

காற்று மெலிந்தது. பொய் சொல்ல மூச்சு போதவில்லை.

“கெட்டது... நான்தான் அனுப்பினேன்... சகலைக்காக... ஒத்துக்கறேன்... திறங்க!”

இன்ஸ்பெக்டரம்மா பையில் பேனாவைத் துழாவினாள். ஆபரேட்டர் மவுஸை எடுக்கப் போனான். அதன்மேல் ஏற்கனவே ஒரு சுருங்கிய கை இருந்தது.

“நீ எழுந்திருப்பா” என்றார் முதலாளி.

நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே மாப்ளே. இப்போ நான் என்ன பண்ணணும்?”

சின்ன மாப்பிள்ளை கண்ணாடியில் உதடுகளை ஒட்டிக்கொண்டு, இத்தனை வருஷமாகக் கம்பெனியில் எல்லோருக்கும் போனில் சொன்ன அதே வைத்தியத்தைச் சொன்னான்.

“ஒரு தடவை... லாக் அவுட் பண்ணிட்டு... மறுபடி லாகின் பண்ணிப் பாருங்க மாமா... ப்ளீஸ்...!”