பெயர் வைக்காத முப்பத்தேழு பேர்

கோப்பு இளைத்திருந்தது. அதே டிஸ்கட், அதே பெயர். ஆனால் காலையில் இருந்ததைவிடச் சிறியது. நிலக்ஷி அலுவலகக் கணினியில் வம்ச வரைபடத்தில் தன் அம்மா அழகம்மாவின் பெயரைத் திறந்தாள். புருசன் இருந்தார். மகள் நிலக்ஷி இருந்தாள். தன் பழைய மென்பொருளில் அவளே கூடுதலாகச் சேர்த்திருந்த கட்டத்தை மட்டும் காணோம்.

"ஒங்க கட்டம் நம்ம புரோகிராமுக்குப் புரியாதுங்க," என்றான் கஜேந்திரன். சிதறிய சொந்தங்களைத் தேடித் தரும் ஹட்டன் அலுவலகத்தில் அவன்தான் கணினிக்காரன். "புரியாததத் தூக்கிப் போட்டுட்டுத்தான் சேவ் பண்ணும். வேற காப்பி இருக்குல்ல?"

"இதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டர் போன மாசமே செத்துப்போச்சு."

"கேம்பஸ் படிப்பு முடிச்சவங்களே இப்பிடியா," என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அப்படியான கட்டங்களில், தாய்க்கு ஒருவராக, முப்பத்தேழு பிள்ளைகள் இருந்தார்கள். முப்பதாம் நாள் பெயர் வைப்பதற்குள் போய்விட்டவர்கள். அப்படிப் போன பிள்ளையைப் பிறந்ததாகவே தோட்டத்து லயக் குடியிருப்பில் பேசுவதில்லை. தேயிலைச் செடிக்கடியில் புதைத்துவிட்டு, தாய் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் ஆளோடு ஆளாக நிற்க வேண்டும். தோட்டத்துக்குக் கொழுந்துதான் வேண்டும், அழுகை வேண்டாம். எந்த மலை, எந்தச் செடி என்று முப்பத்தேழு தாய்மாரும் முதன்முதலாக வாய் திறந்தது நிலக்ஷியிடம்தான்.

"எழுதிட்டியா?" என்று அன்று கேட்டாள் அழகம்மா. "இனி நான் சொமக்க வேணாம். நீ வச்சுக்க."

அம்மா இருக்கும் அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் நிலக்ஷி பஸ்ஸை விட்டிறங்கியபோது மாலை ஐந்து மணிக்கே மூடுபனி பாதையை விழுங்கியிருந்தது. ஈர மண்ணும் ஃபெக்டரியில் வாடும் கொழுந்தும் கலந்த வழக்கமான வாசத்துக்குள், வெதுவெதுப்பாக, இனிப்பும் புளிப்புமாக வேறொரு வாசம் ஊறிவந்தது. இருபுறமும் செடிகளுக்கடியில் பூனைக்குட்டிகள் போல ஏதோ சன்னமாக முனகி, அவள் நின்றால் நின்றது, நடந்தால் கூடவே வந்தது. காற்றில்லை. செடிகள் அசைந்தன.

லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. அடுப்புகள் எரிந்தன. ஆளில்லை.

அம்மா மட்டும் படியில் நின்றாள். ஐம்பது தாண்டியவள். சட்டையின் முன்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. அதே வாசம்.

"பால் கட்டுதுடி. மத்தியானத்துலருந்து."

"உள்ளுக்கு வாங்கம்மா."

"எந்தச் செடின்னு ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. ஒங்கிட்டதானே குடுத்தேன். சொல்லு."

நிலக்ஷி தேடிப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை. தன் கையால் தட்டியெழுதியது. ஒரு சொல்கூட இல்லை.

"தொலைச்சிட்டேம்மா."

அழகம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். மகளின் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு மலையேறினாள்.

பனி விலகியது.

சரிவு முழுக்கப் பெண்கள். முப்பத்தாறு பேர். கூன் விழுந்தவர்கள், கோலூன்றியவர்கள். செடி செடியாக. நகத்தால் மண்ணைக் கிளறி. மார்பை மண்ணில் அழுத்தி. சற்றுப் பொறுத்து. இல்லை. எழுந்து, அடுத்த செடி.

மலை முழுக்க ஒரே அழுகை. எது யாருடையது என்று தெரியாத அழுகை.

அழகம்மா முதல் செடியடியில் மண்டியிட்டுக் கவிழ்ந்தாள். அவளுக்குக் கீழே, மெதுவாக, மண் சப்பத் தொடங்கியது.